9,400 ரூபாய் பில்லைப் பிரித்துப் பார்த்தபோது

பனியனைத் தலை வழியாகக் கழற்றும்போது கண்ணாடியும் கூடவே கழன்று தரையில் விழுந்தது. விழுந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தேடுகிறேன் பேர்வழி என்று குனிந்தவன், ஒரு காலை அதன் மேலேயே வைத்துவிட்டேன். எனக்கு இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய மைனஸ் ஆறு. கண்ணாடி இல்லாவிட்டால் முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரம்கூட முழுசாகத் தெரியாது. வேலையோ புரூஃப் பார்ப்பது. வல்லினம் மிகுமா மிகாதா என்று நாளெல்லாம் பார்த்துச் சோறு சாப்பிடுகிறவன், தன் கண்ணாடியைத் தானே மிதித்துக்கொண்டு நின்றேன்.

பீரோவில் கிடந்த பழைய கண்ணாடியை மனைவி தேடி எடுத்துக் கொடுத்தாள். அதை மாட்டிக்கொண்டு அன்று மாலையே மெயின் ரோட்டில் இருந்த பெரிய ஷோரூமுக்குப் போனேன். ஏசி, வரிசை வரிசையாக விளக்கு, உட்கார்ந்ததும் தண்ணீர் பாட்டில். கண் பரிசோதனை இலவசம். அரை மணி நேரத்தில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். மொத்தம் 9,400 ரூபாய். பிரேம் 3,200, லென்ஸ் 6,200. என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

"உங்க பவருக்கு இதுதான் சார் மினிமம்" என்றார் கவுன்டரில் இருந்த பையன்.

அந்த 'மினிமம்' என்னை உறுத்தியது. யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அந்தக் காகிதத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதமும், ஒரு முட்டாள்தனமான செலவும் ஆனது. இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு அந்தச் செலவாவது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஷோரூமில் கொடுத்த பவர் சீட்டை வைத்து ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். கடையின் பெயர் வேண்டாம். விலை 2,100 என்றார்கள், வாயெல்லாம் பல்லாகிவிட்டது. ஆர்டரின் நடுவில் ஒரு கட்டம் வந்தது: பி.டி. எவ்வளவு? அதாவது இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரம், மில்லிமீட்டரில். என் சீட்டில் அது இல்லை. ஷோரூம்காரர்கள் அளந்தார்கள், ஆனால் எழுதவில்லை. செல்போனில் ஒரு போட்டோ எடுத்தால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும் என்று போட்டிருந்தது. குழல் விளக்குக்குக் கீழே நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ஐந்து நாளில் கண்ணாடி வந்தது. மாட்டினால் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் நெற்றிப்பொட்டில் ஒரு வலி. சாயங்காலம் ஆனால் வரிகள் இரண்டு இரண்டாகப் பிரிவது போல ஒரு தோற்றம், கண்ணை இறுக்கிச் சிமிட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். "புதுக் கண்ணாடி, பழகிடும்" என்று வீட்டிலும் சொன்னார்கள், ஆபீஸிலும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்று வாரம் பழகிப் பார்த்தேன். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது.

எங்கள் தெருமுனையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை இருக்கிறது. ஒரு ஆள், ஒரு மேஜை, ஒரு கிரைண்டிங் மெஷின். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸோமீட்டர் என்று ஒரு கருவி, நுண்ணோக்கியைச் சாய்த்து வைத்த மாதிரி இருக்கும். அதில் கண்ணாடியை வைத்து, ஒவ்வொரு லென்ஸின் மையம் எங்கே விழுகிறதோ அங்கே ஒரு மைப்புள்ளி குத்தினார். பிறகு மில்லிமீட்டர் ஸ்கேலை எடுத்து இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே வைத்து, என்னையே படிக்கச் சொன்னார். 68.

அதே ஸ்கேலை என் புருவத்துக்குக் கீழே, மூக்கின் மேல் வைத்தார். தன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "என் திறந்திருக்குற கண்ணப் பாருங்க" என்றார். அப்புறம் மறு கண். அரை நிமிட வேலை. 62.

"ஆறு மில்லிமீட்டர் தப்பு சார். கம்மி பவரா இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் விலகியிருக்கிறதோ, அதைப் பவரால் பெருக்கினால் பிரிசம், அதாவது லென்ஸ் ஒளியைப் பக்கவாட்டில் எவ்வளவு கோணலாக்குகிறது என்பது, வந்துவிடும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து எனக்கு 0.6 சென்டிமீட்டர் விலகல், பவர் ஆறு. ஆக 3.6 அளவுக்குப் பிரிசம். அதாவது நாள் முழுக்கக் கண்ணின் தசைகள் அந்தக் கோணலை நிமிர்த்திக்கொண்டே இருந்திருக்கின்றன. மைனஸ் ஒன்று பவர் உள்ளவருக்கு இதே பிழை நடந்தால் வெறும் 0.6. அவர் கவனிக்கவே மாட்டார். அதனால் ஆன்லைனில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்று, ஒன்றரை பவர், சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் சமமாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். மூன்று, நாலைத் தாண்டிவிட்டால் பி.டி.யை ஒரு மனிதர் ஸ்கேல் வைத்தோ கருவியிலோ அளந்து, சீட்டில் எழுதித் தரட்டும். சில இடத்தில் எழுதித் தர முனகுவார்கள், சீட்டோடு வேறு கடைக்குப் போய்விடுவோம் என்ற பயம். கேட்டால் தருவார்கள். விடாமல் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த தடவை பரிசோதனையையே தனியாக வைத்துக்கொண்டேன். இலவசப் பரிசோதனை என்றால் அதன் செலவு பிரேமிலோ லென்ஸிலோ எங்கோ ஒட்டிக்கொண்டுதான் வரும். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனேன். 1819-ல் தொடங்கியது, லண்டனில் உள்ள மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனை என்று சொல்வார்கள். காலையிலேயே போய்விட வேண்டும், கையில் ஒரு புத்தகம் இருப்பது நல்லது. முதலில் கம்ப்யூட்டர் மெஷினில் தாடையை வைத்துப் பார்ப்பது, பிறகு சோதனை பிரேமை மாட்டி லென்ஸைப் போட்டுப் போட்டு "இது தெளிவா, இது தெளிவா" என்று கேட்பது. இந்த இரண்டாவதுதான் உண்மையான பரிசோதனை. மெஷின் காட்டுவது ஆரம்பப் புள்ளி மட்டும். மெஷின் சீட்டை அப்படியே பார்த்து எழுதிக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அந்த மாதிரி இடத்தில் நான் உட்கார்வதில்லை.

சீட்டைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய சீட்டில் வலது கண்ணுக்கு மைனஸ் 6.25, சிலிண்டர் மைனஸ் 1.25, சிலிண்டரின் கோணத்தைச் சொல்லும் ஆக்சிஸ் 170. புதிய சீட்டில் மைனஸ் 7.50, சிலிண்டர் பிளஸ் 1.25, ஆக்சிஸ் 80. மூன்றே மாதத்தில் பவர் ஒன்றே கால் ஏறிவிட்டதா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போடப் போனேன். நல்லவேளை, அதற்கு முன் உள்ளே போய்க் கேட்டுவிட்டேன். அங்கிருந்த பெண் சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தில் கூட்டிக் காட்டினார். இரண்டும் ஒரே பவர்தான், எழுதும் முறை வேறு. முதல் எண்ணோடு சிலிண்டரைக் கூட்டு, சிலிண்டரின் குறியை மாற்று, ஆக்சிஸில் 90 கூட்டு அல்லது கழி. மைனஸ் 6.25-ஓடு மைனஸ் 1.25 சேர்ந்தால் மைனஸ் 7.50. சிலிண்டர் மைனஸ் பிளஸ் ஆகும். 170-ல் 90 போனால் 80. இது தெரியாமல் எத்தனை பேர் பவர் ஏறிவிட்டதென்று கவலைப்பட்டு, கையில் உள்ள நல்ல லென்ஸைத் தூக்கிப் போட்டிருப்பார்கள்!

சீட்டு கையில், பி.டி. கையில். இனி வாங்க வேண்டியதுதான். புத்தகம் பைண்டிங் செய்யும் நண்பர் ஒருவர், "ரத்தன் பஜாருக்குப் போங்க, நாங்கல்லாம் அங்கதான்" என்றார். சென்ட்ரலில் இறங்கி பூக்கடைப் பக்கம் நடந்தால் வந்துவிடும். கண்ணாடிக் கடைக்காரர்களுக்கே பிரேமும் லென்ஸும் விற்கிற மொத்த வியாபாரக் கடைகள் அங்கே நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கின்றன. முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை போய், இறங்கிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது தடவை திங்கட்கிழமை.

நான் போன கடை மாடியில் இருந்தது. சோபா கிடையாது, முகம் பார்க்க ஒரு கைக்கண்ணாடி. அங்கே இருந்த பாய்க்கு அறுபது வயது இருக்கும். ஷோரூமில் கொடுத்த 9,400 ரூபாய் காகிதத்தை மடிப்புப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார்.

"1.67, ப்ளூ கட், ஆர்எக்ஸ் ஆர்டர். பிரேம் 54 சைஸ். பெரிய பிரேமாப் பாத்து மாட்டிவிட்ருக்காங்க தம்பி."

அடுத்த கால் மணி நேரத்தில் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையிலேயே காசு பெறுகிற விஷயம்.

கண்ணாடிக் காலின் உள்பக்கம் சின்ன எண்கள் இருக்கும். 48, அப்புறம் குட்டியாக ஒரு சதுரம், 18, அப்புறம் 140 என்பது மாதிரி. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் வரும் இடைவெளி, மூன்றாவது காலின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர். இத்தனை வருஷமாகக் கண்ணாடி போடுகிறேன், அந்த எண்ணை ஏதோ கம்பெனி நம்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் ஒரு முழு லென்ஸை உறையிலிருந்து எடுத்தார். வெட்டாத லென்ஸ், வட்டமாக ஒரு சின்ன சாஸர் அளவு. பிளஸ் லென்ஸ் ஆப்பம் மாதிரி, நடுவில் தடிமன், ஓரம் மெல்லிசு. என்னுடையது மைனஸ், அதற்கு நேர் எதிர். நடுவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம், ஓரத்துக்குப் போகப் போகத் தடித்துக்கொண்டே போகும். அந்த லென்ஸின் மேல் 54 சைஸ் பிரேமை வைத்து, அதன் உள்ளோரத்தைப் பேனாவால் வரைந்தார். பிறகு 48 சைஸ் பிரேமை வைத்து வரைந்தார். பெரிய பிரேமில் கோடு லென்ஸின் விளிம்புக்குக் கிட்டே, தடித்த பகுதியில் போய் விழுந்தது. சின்ன பிரேமில் அந்தத் தடித்த பகுதி முழுக்கக் கோட்டுக்கு வெளியே. அதாவது வெட்டிக் குப்பையில் போகிற பகுதி.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், புரூஃப் ரீடர் புத்தி. என் 62 பி.டி.க்கு 54-18 பிரேமில் காதுப் பக்க ஓரம் லென்ஸ் மையத்திலிருந்து 32 மில்லிமீட்டர். 48-18 பிரேமில் 26. ஓரத்தின் தடிமன் இந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதனால் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் சின்ன வித்தியாசம் இல்லை. பெரிய பிரேமில் விலை உயர்ந்த 1.67 போட்டாலும் ஓரம் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வரும். சின்ன பிரேமில் மலிவான 1.56 போட்டாலே 5 மில்லிமீட்டர்தான். ஷோரூமில் முதலில் பெரிய பிரேமைக் காட்டினார்கள், பிறகு லென்ஸ் தடிக்கும் என்று சொல்லி விலை உயர்ந்த லென்ஸைக் காட்டினார்கள். நோயும் அவர்களே, மருந்தும் அவர்களே.

இந்த 1.5, 1.56, 1.60, 1.67, 1.74 என்பதெல்லாம் லென்ஸ் பொருளின் ஒளிவிலகல் எண். எண் கூடினால் அதே பவருக்கு லென்ஸ் மெலியும், விலை ஏறும். ஆனால் எண் கூடியதெல்லாம் பார்வைக்கும் மேல் என்று நினைக்க வேண்டாம். 1.5 எண் உள்ள சாதாரண சி.ஆர்.39 பிளாஸ்டிக்கில் நிறம் பிரிவது மிகக் குறைவு. எண் கூடிய பொருள்களில் லென்ஸின் ஓரம் வழியாகப் பார்த்தால் கறுப்பு எழுத்தின் பக்கத்தில் நீலமும் ஆரஞ்சும் மெல்லிசாகக் கசியும். எல்லோருக்கும் அது தெரியாது. எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியும். பவர் இரண்டுக்குள் என்றால் 1.5 அல்லது 1.56 போதும், மேலே போக ஒரு காரணமும் இல்லை. என் பவருக்கு, சின்ன பிரேமோடு, 1.60 எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு விஷயம் ஸ்டாக் லென்ஸ், ஆர்எக்ஸ் லென்ஸ். சட்டைக்கு ரெடிமேடும் தையலும் இருப்பது மாதிரி. வழக்கமான பவர்களில், சிலிண்டர் இரண்டு வரைக்கும், லென்ஸைத் தயார் செய்து உறையில் போட்டு வைத்திருப்பார்கள். அது ஸ்டாக். அதைத் தாண்டினால் லேபில் சொல்லிச் செய்ய வேண்டும், அது ஆர்எக்ஸ், விலை இரண்டு மூன்று மடங்கு. என் பவர் 1.60-ல் ஸ்டாக்கிலேயே இருந்தது. ஷோரூமில் கேட்டது ஆர்எக்ஸ் விலை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என் பவர் ஸ்டாக்கில் இருக்கா?" இந்தக் கேள்வியைக் கேட்டதும் கடைக்காரர் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ கட் வேண்டாம் என்றேன். கம்ப்யூட்டர் பார்க்கிறவர்களுக்குக் கண்வலி குறையும் என்று சொல்லித்தான் அதை விற்கிறார்கள். 2023-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்து வெளியிட்ட அறிக்கையில், சாதாரண லென்ஸோடு ஒப்பிடும்போது குறுகிய காலத்தில் கண் களைப்பு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் வந்தது. ஏ.ஆர்.சி. வேறு விஷயம். லென்ஸில் விளக்கொளி பட்டுத் திரும்பாமல் தடுக்கும் பூச்சு அது. இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் குழல் விளக்குக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கும் அதற்குக் காசு கொடுக்கலாம். நான் கொடுத்தேன்.

பிரேம் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிராண்ட் பெயருக்கு விலை வைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: உலகத்தில் பெயர்பெற்ற பல பிராண்டுகளின் பிரேம்கள் எஸ்ஸிலார் லக்ஸாட்டிகா என்ற ஒரே குழுமத்திலிருந்து வருகின்றன. பெரிய பேஷன் கம்பெனிகளின் பெயரில் வருவதும் பல நேரம் உரிமம் வாங்கி அவர்களே செய்வதுதான். நான் 450 ரூபாய்க்கு ஒரு ஷெல் (பிளாஸ்டிக்) பிரேம் எடுத்தேன். மூக்கில் சரியாக உட்கார்கிறதா, கால் காதுக்குப் பின்னால் அழுத்தாமல் வளைகிறதா, கீல் ஆடாமல் இருக்கிறதா என்பது மட்டும்தான் பார்த்தேன்.

கடைசி பில்: பிரேம் 450, 1.60 ஏ.ஆர்.சி. ஸ்டாக் லென்ஸ் ஜோடி 1,300, ஃபிட்டிங் 100. மொத்தம் 1,850. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தந்துவிட்டார்கள். வாங்கும் முன் லென்ஸோமீட்டரில் வைத்து மையப்புள்ளி குத்திக் காட்டச் சொன்னேன். பாய் முறைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே குத்தினார். 62. பூனை ஒரு தடவை சூடு பட்டால் போதும்.

2025 செப்டம்பர் 22-லிருந்து பவர் லென்ஸுக்கும் பிரேமுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு செலவு காத்திருக்கிறது: புரோகிரெசிவ். மேலே தூரம், நடுவில் கம்ப்யூட்டர், கீழே படிப்பது என்று ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே போவது. 1959-ல் வேரிலக்ஸ் என்ற பெயரில் பிரான்சில் வந்தது. வசதியான பொருள்தான், ஆனால் மலிவான புரோகிரெசிவ் போட்டால் தெளிவாகத் தெரியும் பாதை சந்து மாதிரி ஒடுங்கியிருக்கும். என் வேலைக்கு நான் கண்டுபிடித்த வழி வேறு. கிட்டத்தில் படிக்க எனக்குக் கூடுதலாக பிளஸ் 1.00 வேண்டும். மைனஸ் 6.25-ஓடு அதைச் சேர்த்தால் மைனஸ் 5.25. இடது கண்ணுக்கும் அதே மாதிரி ஒன்றைக் குறைத்து, மேஜைக்கென்று தனியாக ஒரு கண்ணாடி செய்துகொண்டேன். சின்ன பிரேம், 1.56 லென்ஸ், எல்லாம் சேர்த்து 980. ஆபீஸ் மேஜையை விட்டு அது நகராது. இரண்டு கண்ணாடியும் சேர்ந்து 2,830. புரூஃபில் லகர ளகர ழகரம் மூன்றும் இப்போது தனித்தனியாக நிற்கின்றன.

மகள் விஷயத்தில் காசை விடப் பெரிய தப்பு ஒன்று நடக்க இருந்தது. ஒன்பது வயது. போர்டு தெரியவில்லை என்றாள். அவசரத்தில் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்குக் கூட்டிப்போனோம். மெஷினில் பார்த்துவிட்டு மைனஸ் 1.50 என்று எழுதித் தந்தார்கள். கண்ணாடியும் செய்தாகிவிட்டது. எனக்கு மைனஸ் ஆறு என்பதால் எப்படியும் ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று எழும்பூருக்கு அழைத்துப்போனேன். அங்கே கண்ணில் சொட்டு மருந்து விட்டு, காத்திருக்க வைத்து, பிறகு பார்த்தார்கள். மைனஸ் 0.75. சரி பாதி.

குழந்தைகளின் கண்ணில் கிட்டப் பார்க்கும்போது இறுகுகிற தசைக்கு வலு அதிகம். மெஷினுக்குள் பார்க்கும்போது அது தானாக இறுகிக்கொண்டு, இல்லாத மைனஸைக் காட்டிவிடும். சொட்டு மருந்து அந்தத் தசையைத் தளர்த்தும். அதன் பிறகு தெரிவதுதான் உண்மையான பவர். அன்று முழுக்க அவளுக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரிந்தது, வெயில் கூசியது, வீட்டுப்பாடம் எழுதவில்லை. அவளுக்குக் கொண்டாட்டம். பிள்ளைகளுக்கு முதல் கண்ணாடி போடும்போது மட்டும் மருந்து விட்டுப் பார்க்காமல் போடாதீர்கள். கடையில் இதைச் செய்ய மாட்டார்கள், மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி தருகிற திட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, கண்ணொளி காப்போம் என்று பெயர். வகுப்பு ஆசிரியரிடம் கேட்டால் போதும். என் மகள் படிப்பது உதவி பெறும் பள்ளி. அவளுக்கும் கிடைத்தது. ஒரே குறை, பிரேம் நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை, போட்டுக்கொண்டு போக மாட்டேன் என்று அடம். பையில் கிடக்கும் கண்ணாடியால் பயன் இல்லை. அதனால் அவளையே கூட்டிப்போய் ஊதாவில் ஒரு பிரேம் வாங்கினேன், 300 ரூபாய். அதில் பாலிகார்பனேட் லென்ஸ் போட்டேன். பந்து பட்டாலும் சில்லு சில்லாக உடையாது. குழந்தைகளுக்கு அது மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டிய இடம்.

பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டை நுனியால் உலர்ந்த லென்ஸைத் துடைப்பதுதான் முதல் எதிரி. தூசியே உப்புத்தாள் வேலை செய்யும். குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் தொட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு துடையுங்கள். இன்னொன்று வெயில். வண்டி சீட்டின் மேலோ கார் டாஷ்போர்டிலோ கண்ணாடியை வைத்துவிட்டுப் போனால், சூட்டில் ஏ.ஆர்.சி. பூச்சு வலைப்பின்னல் மாதிரி வெடிக்கும். என் பழைய கண்ணாடி அப்படித்தான் போனது, அது என் பைக் சீட் செய்த புண்ணியம்.

அம்மா உசிலம்பட்டிப் பக்கம் இருக்கிறாள். சென்னைக்கு வரமாட்டாள். கண்புரை அறுவை முடிந்து இரண்டு வருஷம். தூரம் நன்றாகத் தெரிகிறது, பூக்கட்டும்போதுதான் மொட்டும் நாரும் ஒன்றாகத் தெரிகிறது என்றாள். சாயங்காலம் பூக்கட்டி விற்பதில் வருகிற காசு அவளுடையது, யாரிடமும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத காசு. அது குறைந்தது. பஸ் ஸ்டாண்டில் விற்கும் ரெடிமேட் கண்ணாடி ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். இரண்டு கண்ணும் ஒரே பவராக இருந்து, சிலிண்டரும் இல்லாவிட்டால் அது போதும், கண் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் வேறு வேறு.

அஸ்ஸாமில் தேயிலை பறிக்கும் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறிக்கும் அளவு, கிடைக்காதவர்களை விட 21.7 சதவீதம் கூடியது. தேயிலைக் கொழுந்துக்கு உண்டானதுதானே மல்லிகை மொட்டுக்கும்.

1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்றைக்கும் சுற்று வட்டாரமெல்லாம் முகாம் போடுகிறது. பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு முகாம் நடக்கிறது என்று தம்பி சொன்னான். அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். பரிசோதித்து, கண் அழுத்தமும் பார்த்து, அங்கேயே லென்ஸ் வெட்டிப் பொருத்திக் கையில் கொடுத்துவிட்டார்கள். மேலே தூரம், கீழே கிட்ட, நடுவில் பிறை மாதிரி கோடு தெரிகிற பழைய காலத்து பைஃபோகல், கடைக்காரர்கள் கே.டி. என்பார்கள். 250 ரூபாய்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கின் நுனியில். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஷோரூம், ஆன்லைன், ரத்தன் பஜார், பாய், 48-க்கும் 54-க்கும் உள்ள வித்தியாசம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். 9,400 கேட்ட இடத்தில் 1,850-க்கு முடித்த பெருமை எனக்கு. அம்மா கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிச்சு ஒன்றை இறுக்கிவிட்டு, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"எனக்கு எரநூத்தம்பதுதேன். அப்ப ஒன்னைய நல்லா ஏமாத்திப்புட்டாய்ங்கப்பா."